புழல் ஏரியை மேலிருந்து பார்க்க ஒரு ஜன்னல்: கோப்பர்நிக்கஸ் பிரவுசர், ஒன்றரை வருட அனுபவம்

போன வருடம் மார்ச்சில் ஒரு காலை, கீழ் வீட்டு அக்கா கையில் சொம்போடு மாடியேறி வந்தார். “டீச்சர், இதை மோந்து பாருங்க. மண்ணு வாசனை அடிக்குதா இல்லையா?” அடித்தது. கோடை மழை விழுந்ததும் தரையிலிருந்து கிளம்புமே, அதே வாசனை. மழையில் வந்தால் நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்வோம். சொம்புக்குள் வந்தால் வாயில் வைக்க மனசு வராது.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவள். அயனாவரத்தில் பதினெட்டு வீடுகள் உள்ள குடியிருப்பில் இருக்கிறேன், அங்கே தண்ணீர்ப் பொறுப்பு என்னிடம். அந்த வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள் என்று எனக்குத் தெரியும். நீலப்பச்சைப் பாசியும் மண்ணில் வாழும் சில நுண்ணுயிர்களும் அதை உண்டாக்குகின்றன. லிட்டருக்கு 10 நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். அதனால் உடம்புக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் வழியில் எங்கேயோ பாசி சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கே? எங்கள் பக்கம் வருவது புழல் தண்ணீர். ஏரியிலா, குழாயிலா, எங்கள் சம்ப்பிலா?

கிண்டியில் படிக்கும் என் அண்ணன் மகளிடம் போனில் புலம்பினேன். “அத்தை, ஏரியை வீட்டிலிருந்தே பாக்கலாமே. லேப்டாப்பைத் திறங்க” என்றாள். அன்று திறந்ததுதான் கோப்பர்நிக்கஸ் பிரவுசர். அன்றிலிருந்து வாரம் ஒரு தடவையாவது திறக்காமல் இருந்ததில்லை. சென்னையில் குழாய்த் தண்ணீர் குடிக்கிற எல்லாருக்கும் இதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் பூமிக் கண்காணிப்புத் திட்டம் கோப்பர்நிக்கஸ். அதில் சென்டினல்-2 வகைச் செயற்கைக்கோள்கள் 786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. முதலாவது 2015 ஜூனில் ஏவப்பட்டது, இரண்டாவது 2017 மார்ச்சில், மூன்றாவது 2024 செப்டம்பரில். இரண்டு வேலை செய்தால் ஒரே இடத்துக்கு ஐந்து நாளுக்கு ஒரு முறை படம் கிடைக்கும். நம் ஊர் மேல் அது போகும் நேரம் காலை பத்தரை மணி வாக்கில். எடுத்த படங்கள் அத்தனையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஒரு பைசா கிடையாது. அவற்றைக் காட்டும் இணையதளம்தான் இந்தப் பிரவுசர். சும்மா பார்ப்பதற்குக் கணக்குக்கூடத் தொடங்க வேண்டாம். சில கூடுதல் வசதிகளுக்கு மட்டும் இலவசக் கணக்கு கேட்கும்.

கூகுள் எர்த் இருக்கிறதே என்று கேட்கலாம். அதில் வீட்டு மாடியில் காயும் துணிகூடத் தெரியும், உண்மைதான். ஆனால் அந்தப் படம் எந்த மாதத்தில் எடுத்ததோ, அதுதான் அங்கே நிற்கும். ஏரிக்கு வேண்டியது இந்த வாரத்துப் படம். சென்டினல் படத்தில் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். நம் கணக்கில் ஆயிரத்துச் சொச்சம் சதுர அடி, ஒரு இரண்டு படுக்கையறை வீட்டளவு. படகோ மாடோ அதில் தெரியாது. ஏரி நன்றாகவே தெரியும்.

பயன்படுத்துவது கஷ்டமில்லை. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் அடித்தால் வரைபடம் அங்கே போய் நிற்கும். நாட்காட்டியில் படம் உள்ள தேதிகள் தனியாகத் தெரியும். மேகம் இவ்வளவு சதவீதத்துக்கு மேல் இருந்தால் காட்டாதே என்று ஒரு பட்டையை நகர்த்திச் சொல்லிவிடலாம். அப்புறம் எந்தக் கண்ணாடி போட்டுப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணால் பார்க்கும் நிறத்திலேயே பார்க்கலாம், செடிகொடி சிவப்பாகத் தெரியும்படி பார்க்கலாம், தண்ணீர் மட்டும் நீலமாகத் தெரியும்படியும் பார்க்கலாம். இந்தக் கடைசிக் கண்ணாடி பச்சை ஒளியையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. தண்ணீர் அகச்சிவப்பை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும், மண்ணும் செடியும் திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தில் ஏரியின் ஓரம் கோடு கிழித்த மாதிரி வந்துவிடுகிறது.

இந்தச் சேவை முழுசாகத் தேறுவது இந்த வேலையில்தான். நம் ஏரிகள் அகலமாகப் பரந்து கிடப்பவை, ஆழம் குறைவு. புழலின் முழு நீர்மட்டமே 21.20 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. செம்பரம்பாக்கம் 24 அடி, 3,645. தண்ணீர் கொஞ்சம் இறங்கினாலே கரை வெகுதூரம் உள்ளே போய்விடும், மேலிருந்து பளிச்சென்று தெரியும். மெட்ரோ வாட்டர் இணையதளத்தில் தினமும் ஏரிவாரியாக நீர்மட்டமும் இருப்பும் போன வருடம் இதே நாளின் இருப்பும் போடுகிறார்கள். நல்ல வேலை அது. அந்த எண்ணையும் அந்த வாரத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எனக்கு நிறைவாக இருக்கிறது. படத்தில் ஆழம் தெரியாது, எண்ணில் ஏரியின் எந்தப் பக்கம் வற்றியது என்று தெரியாது.

இரண்டு தேதிகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து நடுவில் ஒரு கோட்டை இப்படியும் அப்படியும் இழுக்கும் வசதி இருக்கிறது. 2018 ஜூனையும் 2019 ஜூனையும் வைத்துப் பாருங்கள். கோடு இடது பக்கம் போனால் மண், வலது பக்கம் போனால் தண்ணீர். நடுவில் கொஞ்சம், துணியில் சிந்திய டிகாஷன் மாதிரி ஒரு கறை. அந்தக் கறைதான் அன்று மிச்சம். அந்த 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்குமே வற்றின. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் எங்களுக்குப் பக்கத்து வில்லிவாக்கம் ஸ்டேஷனுக்கு ரயிலில் வந்தது. அங்கிருந்து கீழ்ப்பாக்கம் வாட்டர் ஒர்க்ஸுக்கு ஏற்றினார்கள். அந்த நாட்களில் எங்கள் தெருவில் லாரிக்காகப் பிளாஸ்டிக் குடங்கள் விடியும் முன்பே வரிசையில் நிற்கும். என் குடத்துக்கு நீலக் கயிறு கட்டி அடையாளம் வைத்திருந்தேன். அந்தக் கோட்டை இழுக்கும்போதெல்லாம் அந்தக் கயிறு ஞாபகம் வருகிறது. இதை அந்த வருடத்துக்கு முன்பே பார்க்கத் தெரிந்திருந்தால், ஏரி மாதாமாதம் சுருங்குவதைக் கண்ணாலேயே பார்த்திருப்போமே என்று ஆதங்கமாக இருக்கிறது.

சரி, தண்ணீரின் அளவு போகட்டும். நான் வந்தது வாசனைக்குக் காரணம் தேடி. தரத்தை மேலிருந்து பார்க்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். எதைப் பார்க்க முடியும், எதை முடியாது என்பதற்கு ஒரே விதிதான்: தண்ணீரின் நிறத்தை மாற்றும் பொருள்தான் செயற்கைக்கோளுக்குத் தெரியும். பாசியின் பச்சையம் தெரியும். கலங்கலில் மிதக்கும் களிமண் தெரியும். மக்கிய இலையிலிருந்து இறங்கும் பழுப்பும் கொஞ்சம் தெரியும். உப்பு தெரியாது, நைட்ரேட் தெரியாது, சாக்கடைக் கிருமி தெரியாது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. அந்த 500க்கும் 2,000க்கும் மேலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் கிடையாது. அதற்கு வீட்டில் ஒரு டிடிஎஸ் மீட்டர் போதும்.

பாசியைப் பார்க்க நான் செய்வது இதுதான். கஸ்டம் என்ற பகுதிக்குள் இன்டெக்ஸ் என்று ஒன்று இருக்கும். செயற்கைக்கோள் பிரித்து வாங்கும் ஒளிப்பட்டைகள் அங்கே வட்டம் வட்டமாக நிற்கும், மொத்தம் பதின்மூன்று. பி5 வட்டத்தை இழுத்து முதல் கட்டத்தில் விட வேண்டும், பி4 வட்டத்தை இரண்டாவதில். பி4 என்பது 665 நானோமீட்டர் பக்கத்துச் சிவப்பு. பச்சையம் இதைத் தின்றுவிடும். பி5 என்பது 705 பக்கம், சிவப்பைத் தாண்டின ஓரம். பச்சையம் இதை விட்டுவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் எண் கூடக்கூட, பாசி கூடியிருக்க வாய்ப்பு அதிகம். வகுப்பில் குளோரோபில் நிறமாலையைக் கரும்பலகையில் வரைந்து வரைந்து கை ஓய்ந்தவள் நான். அதே வளைவு ஒரு ஏரி முழுக்க வண்ணமாக விரிந்ததைப் பார்த்தபோது சிலிர்த்தது. இதை மட்டும் என் பழைய பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கலாமே என்று தோன்றியது. பி5 பட்டையின் புள்ளி கொஞ்சம் பெரிசு, இருபது மீட்டர் சதுரம். அதாவது ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிரவுண்டு.

அந்த மார்ச்சில் புழலில் இந்த எண் ஜனவரியைவிடக் கூடித்தான் இருந்தது. ஒரு ஓரம் முழுக்கப் பச்சை ஏறியிருந்தது. புகார் எழுதக் காகிதத்தை எடுத்துவிட்டேன். அண்ணன் மகள்தான் நிறுத்தினாள். “அத்தை, முதல்ல தெருப் பம்புத் தண்ணியையும் நம்ம வீட்டுத் தண்ணியையும் தனித்தனியா மோந்து பாருங்க.” இரண்டு கண்ணாடி பாட்டில்களில் பிடித்தேன். தெருமுனை அடிபம்பில் வருவதும் அதே மெட்ரோ வாட்டர்தான், அதில் வாசனையே இல்லை. வீட்டுக் குழாயில் இருந்தது. வாட்ச்மேன் அண்ணன் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தார். தொட்டி மூடி உடைந்து பாதி திறந்து கிடந்தது. உள்ளே வெயில் பட்ட பக்கச் சுவரில் கைப்பிடி கனத்துக்கு வழவழவென்று பச்சை. தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, மூடி மாற்றினோம். மூன்றாம் நாள் வாசனை போய்விட்டது.

அதனால் நான் அடித்துச் சொல்வது: ஏரியில் என்ன மாறுகிறது என்பதை இதில் பார்க்கலாம். உங்கள் வீட்டுக் குழாயில் என்ன வருகிறது என்பதை இதில் பார்க்க முடியாது. நடுவில் சுத்திகரிப்பு நிலையம், குளோரின், குழாய், சம்ப், மாடித் தொட்டி என்று எத்தனையோ இருக்கின்றன. பச்சையைப் பார்த்த உடனே பதறி நாலு பேருக்கு அனுப்பிவிடாதீர்கள். அது தப்பு.

அந்த ஓரத்துப் பச்சை என்னதான் என்று பார்க்காமலும் இருக்க முடியவில்லை. செயற்கைக்கோள் வரும் நாளாகப் பார்த்து செங்குன்றத்துக்கு பஸ் ஏறினேன். பத்து மணிக்கெல்லாம் கரையில் நின்றேன். வெயில் அதற்குள் சுள்ளென்று ஆகிவிட்டது. தண்ணீர் உள்வாங்கியிருந்தது. அது விட்டுப்போன சேற்றுத் தரையில் புல் முளைத்து ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அதற்கு அந்தப் பக்கம், கணுக்கால் தண்ணீரில், நெய்வேலிக் காட்டாமணக்கு புதர் புதராக நின்றது, இளம் ஊதாப் பூவோடு. படத்தில் நான் பாசி என்று நினைத்த பச்சை நாடா அதுதான். இலையிலும் பச்சையம்தானே இருக்கிறது, கணக்குக்கு இலையும் பாசியும் ஒன்று.

கரை ஓரமாகவே இன்னும் கொஞ்சம் நடந்தேன். ஒரு மூலையில் காற்று ஒதுக்கிக் கொண்டுவந்து சேர்த்த நிஜப் பாசி கிடந்தது. பெயிண்ட் டப்பா கவிழ்ந்த மாதிரி கெட்டிப் பச்சை, நடுவில் பால் பாக்கெட் உறைகள். அலை வந்து தட்டும்போது அது கிழியாமல் தோல் மாதிரி மடிந்து மடிந்து விரிந்தது. அகலம் என் இரண்டு கை நீட்டும் அளவுதான். மறுநாள் படம் வந்ததும் அந்த மூலையைப் பெரிதாக்கித் தேடினேன். ஒன்றுமே இல்லை. ஒன்றே முக்கால் கிரவுண்டு புள்ளிக்குள் இரண்டு கை அகலம் எங்கே தெரியும்? ஒரே ஓரத்தில் செடியைப் பாசி என்று காட்டியது, பாசியைக் காட்டவே இல்லை. இதைச் சொல்லாமல் இந்தச் சேவையைப் பாராட்டினால் அது நேர்மையாகாது. அன்றிலிருந்து கரையை ஒட்டிய புள்ளிகளை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. ஏரி நடுவில் ஒரு பெரிய சதுரத்தை வைத்துக்கொண்டு, அது வாரத்துக்கு வாரம் எப்படி மாறுகிறது என்று மட்டும் பார்க்கிறேன். எண்ணை எண்ணாக நம்புவதில்லை, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை நம்புகிறேன்.

நம் ஊருக்கென்று இன்னும் இரண்டு தொல்லைகள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் நிற்பதால் சில நாள் தண்ணீர் தகரக் கூரை மாதிரி மினுமினுக்கும். அந்த நாள் படத்தில் நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, தள்ளிவிட வேண்டியதுதான். பெரிய தொல்லை வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் பாதிக்கு மேல் டிசம்பர் வரை, நமக்குத் தண்ணீர் வந்து சேரும் அதே மாதங்களில், வாரக்கணக்கில் வெறும் வெள்ளைப் படம்தான். ஏரி நிரம்புகிறதா, உடைப்பெடுக்குமா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் மேகம்தான் தெரியும். 2015 டிசம்பரைப் பார்த்த ஊர் இது, அந்தப் பயம் லேசில் போகாது.

அதற்கு இதே தளத்தில் சென்டினல்-1 இருக்கிறது. அது ரேடார், மேகத்தைத் துளைத்துக்கொண்டு பார்க்கும், இரவிலும் பார்க்கும். அமைதியான தண்ணீர் கறுப்பாகத் தெரியும், நிலம் வெளிறித் தெரியும். அதிகப் பழக்கம் இல்லாமலே ஏரியின் பரப்பைப் படித்துவிடலாம். ஆனால் பலமாகக் காற்று அடித்தால் அலையால் தண்ணீரும் வெளிறும், ஆகாயத்தாமரை படர்ந்த இடம் நிலம் மாதிரியே இருக்கும். ஒரு செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்ப வர 12 நாள் ஆகும். பாசி, கலங்கல் எதுவும் ரேடாரில் கிடையாது. மழை மாதங்களில் பரப்பைப் பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் பூண்டி. ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து கிருஷ்ணா தண்ணீர் 177 கிலோமீட்டர் கால்வாயில் வந்து சேர்வது அங்கேதான். அதில் கடைசி 25 கிலோமீட்டர் மட்டும் நம் மாநிலத்துக்குள் வருகிறது. மழை நின்று மேகம் விலகிய முதல் படத்தில் பூண்டியைப் பாருங்கள். கொசஸ்தலை ஆறு நுழையும் பக்கத்திலிருந்து செம்மண் நிறத்தில் ஒரு நாக்கு ஏரிக்குள் நீண்டிருக்கும். அடுத்தடுத்த படங்களில் அது மங்கி மங்கி, வண்டல் படிந்து, தண்ணீர் கருநீலமாகத் தெளியும். சுத்திகரிப்பு நிலையத்தில் இருப்பவர்களுக்கு அந்த நாக்கு எந்தப் பக்கம் நீள்கிறது என்பது வேலைக்கு உதவும் செய்தி. குழாயில் வரும் தண்ணீரின் கலங்கல் 1 அலகுக்குள் இருக்க வேண்டும் என்பது தர நிர்ணயம், வழியில்லாவிட்டால் 5 வரை. சேறு அதிகமாக வந்தால் படிகாரமும் அதிகம் வேண்டும்.

இதையெல்லாம் ஒரு ஓய்வு பெற்ற டீச்சர் தனியாக உட்கார்ந்து பார்ப்பதோடு நிற்கக் கூடாது என்பதுதான் என் ஆசை. அமெரிக்காவில் 2014 ஆகஸ்டில் டொலிடோ நகரத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள் என்று நிறுத்தி வைத்தார்கள். ஈரி ஏரியில் நீலப்பச்சைப் பாசி பெருகி, அதன் நஞ்சு குடிநீர் வரை வந்துவிட்டது. காய்ச்சினாலும் போகாத நஞ்சு அது. அங்கே அரசுத் துறைகள் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய ஏரிகளைச் செயற்கைக்கோளில் கவனித்து, செல்போன் செயலியில் மக்களுக்கே காட்டுகிறார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொள்வது இதே கோப்பர்நிக்கஸ் குடும்பத்து சென்டினல்-3. நீலப்பச்சைப் பாசிக்கே உரிய நிறமி 620 நானோமீட்டர் பக்கம் ஒளியைத் தின்னும். அந்தப் பட்டை சென்டினல்-3இல் உண்டு, சென்டினல்-2இல் இல்லை. அதனால் நான் பார்க்கும் பச்சை சாதாரணப் பாசியா நஞ்சுள்ள வகையா என்று இதில் பிரிக்க முடியாது. சென்டினல்-3இன் புள்ளி 300 மீட்டர். சோழவரத்துக்குக் கொஞ்சம் முரடுதான், புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் தாராளமாகப் போதும். நம் ஊரில் கிண்டியிலேயே தொலையுணர்வுக்குத் தனி நிறுவனம் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். ஏரிக் கரையில் மாதம் இரண்டு தடவை பாட்டிலில் தண்ணீர் எடுத்துச் சோதித்து, அதே நாள் படத்தோடு ஒட்டிப் பார்த்தால் போதும், ஒரு வருடத்தில் நம் ஏரிகளுக்கே உரிய கணக்கு கைக்கு வந்துவிடும். பாட்டில் இல்லாமல் படம் மட்டும் வைத்து நடக்காது. படம் இல்லாமல் பாட்டில் மட்டும் என்றால், எடுத்த இடத்தைப் பற்றி மட்டும்தான் தெரியும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் கிடையாது, ஒரு சொல்கூட. செல்போனில் திறந்தால் பக்கப் பலகை படத்தை மறைத்துக்கொண்டு எரிச்சல் மூட்டும், லேப்டாப்பில் பார்ப்பதே நல்லது. இணைய வேகம் குறைவாக இருந்தால் படம் கட்டம் கட்டமாக நிதானமாகத்தான் நிரம்பும். மற்றபடி விளம்பரம் இல்லை, பணம் கேட்பதில்லை, இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட என்னைக் கைவிட்டதில்லை. நீர்ப்பரப்புக்கு ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். பாசிக்கும் கலங்கலுக்கும் மூன்று, அதுவும் நடு ஏரிக்கு மட்டும். குடிக்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு நட்சத்திரமே தர மாட்டேன், அந்தக் கேள்வியை இதனிடம் கேட்கக் கூடாது.

மாதம் முதல் ஞாயிறு எங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் புழல், பூண்டி, செம்பரம்பாக்கம் மூன்றின் படத்தையும் கலர் பிரின்ட் எடுத்து ஒட்டுகிறேன். பக்கத்தில் அன்றைய இருப்பை மார்க்கரில் எழுதிவிடுவேன். அதற்குக் கீழே மாடித் தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதியையும் எழுதுகிறேன். கீழ் வீட்டு அக்கா முதலில் அந்தத் தேதியைத்தான் பார்ப்பார். அப்புறம் பூண்டிப் படத்தில் விரலை வைத்து, “டீச்சர், கிருஷ்ணா தண்ணி வந்துடுச்சா?” என்று கேட்பார். போன வாரப் படத்தில் கால்வாய் வாயில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த படம் வியாழக்கிழமை.